சனி, ஞாயிறு, சொலுன்

ருமேனா மேசையைத் துடைத்துவிட்டு
மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டாள்:
சனி. ஞாயிறு.
இரண்டு கட்டங்களுக்குள் ஒரு நகரம்.

ஸ்கோப்யேயில் கடல் இல்லை.
எங்கள் நாட்டிலேயே இல்லை.
கடல் வேண்டுமென்றால்
முதலில் பாஸ்போர்ட்டைத் தேடவேண்டும்;
அது போன வருஷம் வைத்த இடத்தில்
இருந்ததே கிடையாது.

இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
ஐந்தரைக்குக் கிளம்பினால் எல்லையில் வரிசை குறைவு.
ஆறரைக்குக் கிளம்பினால் சண்டை நிச்சயம்.
பாலாடைக்கட்டி புரெக்கை
அந்தப் பக்கம் விடமாட்டார்கள்,
கெவ்கெலியாவில் வண்டியை ஓரங்கட்டித்
தின்று தீர்க்கவும்.
சுங்கச்சாவடிச் சில்லறை: தனி டப்பா.
வைப்பர்: வலது பக்கம் கீச்சிடுகிறது,
ட்ராய்ச்சேயிடம் காட்டவும்.

சனி, பத்து: வெள்ளைக் கோபுரம்.
பதினொன்று: கடலோர நடை, குடைச் சிற்பம் வரை,
வெயிலைப் பொறுத்து.
ஒன்று: மீன், விலை பார்த்தபின் முடிவு.
மூன்று: செருப்புக் கடை.
ஒரு மணி நேரம் போதுமா என்றேன்.
ஒன்றரை என்று திருத்தினாள்.

கலினா அவள் அறையிலிருந்தே கத்தினாள்:
மேல் நகரத்துக் கோட்டைச் சுவரிலிருந்து
சூரியன் விழுவதைப் படமெடுக்கணும்.
ஏழு இருபத்திரண்டு, எழுதியாயிற்று.
சூரியனும் வரிசையில் நின்றுகொண்டது.

"உனக்கு என்ன?" என்றாள் ருமேனா.

பதினேழு வருஷமாக
கல்பாலத்துக்குக் கீழே
வார்தார் நதியின் உயரத்தைத்
தினமும் அளந்து எழுதுவது என் உத்தியோகம்.
ஆகஸ்டில் அது விலா எலும்பு தெரியக் கிடக்கும்.
மார்ச்சில் யார் வீட்டு நாற்காலியையோ
இழுத்துக்கொண்டு ஓடும்.
என்னைக் கடந்து போவது வரை தெரியும்.
போய் என்ன ஆகிறது என்பது தெரியாது.
கெவ்கெலியா தாண்டினால் அதற்குப் பேர் அக்ஸியோஸாம்.
நாங்கள் சொலுன் என்கிற ஊருக்கு
அங்கே பலகையில் தெஸ்ஸலோனிக்கி என்றிருப்பதைப் போல.
தண்ணீரிடம் மட்டும் யாரும்
எந்தப் பேர் என்று கேட்டு முத்திரை குத்துவதில்லை.

"நதி கடலில் சேரும் இடம்" என்றேன்.
"ஊருக்கு மேற்கே. கொஞ்சம் சுற்று."

"என்ன இருக்கு அங்கே?"

"சேறு. நாணல். கொசு.
எருமைகள் நிற்குமாம்."

"ரெண்டு நாள் லீவு, அதில் எருமையா?"
கலினா கதவருகில் வந்து சிரித்தாள்.
"ஆபீஸை இங்கேயே வைத்துவிட்டு வாங்க அப்பா."
எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
வைப்பரைப் பார்க்கக் கீழே இறங்கினேன்.

விடுதிக்குப் போன் போட்டாள்.
கடல் தெரியும் பால்கனி என்றால் முப்பது யூரோ கூடுதல்.
பின்பக்க அறைக்கு ஒரு சுவர் தெரியும்,
ஒரு பல் டாக்டர் பலகையும்.
"தூங்கும்போது கடலை யார் பார்க்கப்போகிறார்கள்"
என்று சுவரைப் பிடித்துப்போட்டாள்.

வியாழனன்று நோட்டு குளிர்பதனப் பெட்டிமேல் கிடந்தது.
மீன் அடிபட்டிருந்தது.
செருப்புக் கடை ஒரு மணி நேரமாகச் சுருங்கியிருந்தது.
ஞாயிற்றுக் கட்டத்தில்
ஒன்பது: காபி, பொகாத்ஸா.
பத்தரை: அறையைக் காலி செய்ய.
அதற்குக் கீழே, பென்சிலில்,
பதினொன்றேகால்: சேறு.

அவ்வளவுதான். அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
காரின் டிக்கியைத் திறந்தேன்.
என் பழைய ரப்பர் பூட்ஸுக்குப் பக்கத்தில்
விலைச்சீட்டு கிழிக்காத இரண்டு ஜோடி.
கலினாவுடையது மஞ்சள்.

வெள்ளி மாலை அளவெடுத்தேன்:
நூற்றுப் பதினான்கு சென்டிமீட்டர். லேசான கலங்கல்.
'குறிப்பு' என்ற கட்டத்தில்
நான் எதுவும் எழுதுவதில்லை, இன்றும் எழுதவில்லை.
வேகம், தூரம், நடுவிலுள்ள மதகுகள்,
மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்.
இந்தத் தண்ணீர் ஞாயிறு பதினொன்றேகாலுக்குள்
அங்கே வந்து சேருமா என்பது
இழுபறிதான்.

பேனாவை மூடினேன்.
ஐந்தரைக்குக் கிளம்பணும்.
புரெக் இன்னும் வாங்கவில்லை.