பத்து கிலோவுக்குக் கீழே

புதுவயல் எடைமேடை
பத்து கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காது.
லாரி ஏறும், நெல் ஏறும்,
கிளீனர் பையன் இறங்க மறந்திருப்பான்.
எண் பத்துப் பத்தாகத்தான் தாவும்.
பதினெட்டு வருஷம் அந்தக் கண்ணாடி அறையில்
சீட்டுக் கிழித்தவர் என் வீட்டுக்காரர்.
மொத்த எடை, காலி எடை, சரக்கு எடை.
கழித்தல் தவிர வேறு கணக்குத் தெரியாது என்பார்.

போன வருஷம் முத்திரைக்காரர்கள் வந்து போன சாயங்காலம்
விளையாட்டாய் இருவரும் ஏறி நின்றோம்.
110 என்றது.

ஐப்பசியில் கணையத்தில் கட்டி என்றார்கள் மதுரையில்.
அன்றைக்கு அறுபத்திரண்டு.
தைக்கு ஐம்பத்தைந்து.
மாசிக் களரிக்குப் போட்ட சட்டைக்குள்
இன்னோர் ஆள் நுழைய இடமிருந்தது.

எண்ணெயைத் தொடாதே, அது கட்டிக்குத் தீனி
என்றாள் நாத்தனார் மீனாள், கண்டனூரிலிருந்து.
நெய்யை ஊற்று, ஊற்றினால் ஊறும்
என்றார் மில் கணக்கர் சாத்தப்பன்.
செல்போன் ஆளி விதை என்றது,
மறுநாள் தேங்காயெண்ணெய் என்றது.
நான் ஊற்றுகிற கட்சியில் சேர்ந்தேன்.

கஞ்சியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய், அவருக்குத் தெரியாமல்.
வெள்ளைப் பணியாரம், வடிக்காமல்.
கோட்டைப்பட்டினத்துச் சாளையில்
கொழுப்பு ஏறியதாய்ப் பொறுக்க
மீன்காரரோடு சண்டை.
எத்தனை கரண்டி என்று காலண்டர் ஓரத்தில் பென்சில் கோடு.
அவர் இரண்டு வாய் தின்பார்,
மூன்றாவதில் தட்டை நகர்த்துவார்.
கெஞ்சுவேன். பிறகு திட்டுவேன்.
ஒருநாள் தட்டை நங்கென்று வைத்தேன்.
எனக்காக விழுங்கினார்,
எனக்காகவே கிணற்றடிக்குப் போய்
எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்.

அந்த டாக்டர் பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும்.
இவர் சாப்பிடாததால் மட்டும் இளைக்கவில்லை அம்மா,
இளைக்க வைப்பதும் அந்த நோயின் வேலை என்றாள்.
தசையைக் கரை, கொழுப்பைக் கரை என்று
உடம்புக்குத் தப்பான உத்தரவு போகிறது.
நீங்கள் ஊற்றுவதையெல்லாம் அது வரவு வைக்காது.
எண்ணெய் செரிக்கக் கணையம் சுரக்க வேண்டும்,
அதற்கு இந்த மாத்திரை, சாப்பாட்டோடு.
மீன் எண்ணெய்?
சிலருக்குக் கொஞ்சம். உறுதி சொல்ல மாட்டேன்.
எண்ணெய் பட்டால் கட்டி வளரும் என்ற பயமும் வேண்டாம்.
பிடித்ததை, பிடித்த அளவு. வற்புறுத்தாதீர்கள்.
கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

திருப்பத்தூர் தாண்டியதும் பஸ்ஸில் கேட்டார்,
நம்ம மில் தவிடு ஏன் அன்றைக்கே
எண்ணெய் எடுக்கப் போகுது தெரியுமா?
வைத்திருந்தால் காறிப்போகும்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் தலை என் தோளில் இருந்தது,
பாரமே இல்லாமல்.

அன்றோடு பென்சில் கோடுகளை நிறுத்தினேன்.
கடுகு வெடிக்கும் வாசனை பிடிக்கும் அவருக்கு;
ஒரு சொட்டு எண்ணெயில் தாளித்து
அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன்.
தின்ன வேண்டியதில்லை.

வைகாசியில் ஒரு ராத்திரி
மேடையைப் பார்த்துவிட்டு வருவோம் என்றார்.
புதுப் பையன் எழுந்து நின்றான்.
நாங்கள் ஏறினோம், செருப்பைக்கூடக் கழற்றாமல்.
அவர் நாற்பத்தேழு.
மிச்சத்தைக் கொட்ட மனசில்லாமல்
ஆறு மாசமாய் அவர் தட்டையும் சேர்த்துத் தின்ற நான்
ஐம்பத்தொன்பது.
சிவப்பு எண் கொஞ்சம் தடுமாறி நின்றது.
110.

பார்த்தியா, ஒன்றும் வெளியே போகவில்லை
என்றார் கழித்தல் மட்டும் தெரிந்தவர்.
மெஷின் மட்டம், அதான், என்றேன்.
என் தொண்டை அடைத்ததை அவர் பார்க்கவில்லை,
அல்லது பார்த்தார்.

சரக்கு என்னன்னு அடிக்கட்டும் அண்ணே?
எண்ணெய்னு போடு.
பையன் சிரித்துக்கொண்டே அடித்தான்,
காசு வாங்கவில்லை.

சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.
வண்டி எண் இல்லை.
காலி எடைக் கட்டத்தில்
ஒன்றும் அடிக்கச் சொல்லவில்லை அவர்.