சாகாமம், பெட்டி இருபத்திரண்டு

அறுபது பெட்டிகள்.
மடக்கினால் ஒரு கொப்பியின் தடிப்பு,
விரித்தால் ஓர் எலிக்கு ஓர் அறை.
கச்சானை இடித்து, நெத்தலித் தூள் போட்டு
இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயில் உருட்டிய அறூஸ்
விரலை நக்கிவிட்டுச் சொன்னான்:
"இதுக்கு நானே உள்ளுக்குப் போவன்."

சாவடியில் ஒருவர் பெட்டியை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார்.
என்ன பிடிக்க?
எலி.
பிடித்து?
நிறுத்து, வால் அளந்து, விட்டுவிடுவோம்.
அவர் அதை மற்றவருக்குச் சிங்களத்தில் சொன்னார்.
விட்டுவிடுவோம் என்ற இடத்தில்தான் இருவரும் சிரித்தார்கள்.
முகாமில் நிறைய இருக்கு மிஸ்,
விடாமக் கொண்டுபோங்க.
தடி உயர்ந்தது.

குளக்கட்டைத் தாண்டினால் காடு.
பத்து மீற்றருக்கு ஒரு பெட்டி:
வீரையடி, பாலையடி, சூரைப் பற்றை,
விழுந்து கிடந்த முதிரையின் பொந்து.
மேலே கிளையில் சிவப்பு நாடா.
முதல் நாள் எல்லாவற்றையும் எறும்பு தின்றது.
இரண்டாம் நாள் மூன்று சுண்டெலி, ஓர் அரணை,
தன் வீட்டோடு வந்து படுத்திருந்த நத்தை.

மூன்றாம் நாளிலிருந்து அவன்.
பெட்டி ஆறு. ஆண். முப்பத்தொரு கிராம்.
வலக்காதில் நான் இட்ட சிறு வெட்டு.
நாலாம் நாளும் அவனே, முப்பத்திரண்டு.
ஐந்தாம் நாள் முப்பத்துநாலு.
"நம்மட காசில கொழுக்கிறான்" என்றான் அறூஸ்.
எத்தனை இரவு வந்தாலும்
மொத்தத்தில் அவன் ஒன்றுதான்.

மறுகா ஆறாம் நாள்.
விடிய ஐந்தரைக்கு
வண்டிப்பாதையை அடைத்துக்கொண்டு ஒரு தனியன்.
கிளையொன்றை முறித்து, பட்டையை உரித்து,
அவசரமில்லாமல் தின்றது.
ஓட்டோவை நிறுத்தியிருந்தோம்,
மூச்சையும் பாதி நிறுத்தியிருந்தோம்.
ஏழு ஐம்பதுக்கு அது கிறுகிப் போனது.

பெட்டி இருபத்திரண்டில்
மூஞ்சூறு.
துணிப்பைக்குள் கவிழ்த்தேன்,
காய்ந்த புளியங்கொட்டைபோல விழுந்தது.
நெத்தலியை மட்டும் பொறுக்கித் தின்றிருந்தது,
கச்சான் மாவை மூலையில் அப்படியே விட்டிருந்தது.
சில மணித்தியாலம் தின்னாவிட்டால்
மூஞ்சூறு தாங்காது.
இதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன்,
முழுப் புள்ளி.

தராசின் கம்பி நடுங்கி நின்றது.
பையைக் கழித்தால் ஏழு கிராம்.
அறூஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.
"பிழைய ஆனையில எழுதலாமே?"
படிவத்தில் ஆனைக்கு இடமில்லை.
பெட்டி, இனம், பால், நிறை, வால், காது.
ஓரத்தில் குறிப்புக்கென்று ஒரு விரற்கடை.
அதில் 'தாமதம்' என்று எழுதினேன்.
யாருடைய என்று எழுத
அகலம் போதவில்லை என்றுதான்
இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

பின்காலில் நூலால் துண்டு கட்டி
மதுசாரப் போத்தலுக்குள் இறக்கினோம்.
உயிரோடிருந்தபோது யாரும் இதற்கு இடம் நாள் நேரம்
இவ்வளவு கவனமாய்க் குறித்ததில்லை.
மூக்கு மட்டும் நீளமாய், இன்னும் எதையோ மணந்தபடி.

பெட்டி ஆறில் அவன் இருந்தான்.
முப்பத்தைந்து கிராம், முழுக் கோபம்.
கையுறையைத் தாண்டிக் கடித்தான்.
விட்டதும் ஓடாமல்
கதவடியிலேயே இருந்து முகம் கழுவினான்.
அறூஸுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும்,
கொஞ்சம் பிந்தி.

அன்று பின்னேரம் முப்பது பெட்டியை மடக்கிக் கட்டினோம்.
மிச்சத்துக்கு இரட்டை நெத்தலி,
படுக்கச் சாக்குத் துண்டு.
இரவு பதினொன்றுக்கு ஒருதரம், இரண்டுக்கு ஒருதரம்,
டோர்ச்சும் யானை வெடியுமாய் நடந்தோம்.
பாதையில் அதன் லத்தி இன்னும் சூடாக இருந்தது.

இரண்டாம் நடையில் இருபத்திரண்டின் கதவு விழுந்திருந்தது.
கையில் தூக்கிப் பார்த்தேன்.
ஏழு கிராம் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும்
பெட்டி கைக்கு ஒரே பாரம்.
டோர்ச்சை அணைத்துவிட்டு
அறூஸ் தகரத்தில் காதை வைத்தான்.