நான்காவது கட்டம்

பட்டியலில் நான்கு கட்டங்கள்.
எண், லத்தீன், இங்கிலீஷ்.
நான்காவதன் தலையில் 'தமிழ்ப் பெயர்' என்று இருந்தது;
கீழே முப்பத்தெட்டு வரிக்கும் வெறும் தாள்.
'உள்ளூர்தானேம்மா, நீயே போட்டுக்கோ' என்றார் ரேஞ்சர்.
பலகைக்கு நூற்றெண்பது ரூபாய்.
பெயின்ட் அவர்களுடையது, பிரஷ் என்னுடையது.

எளிதானவற்றை முதலில் முடித்தேன்.
வாலாட்டி வாலை ஆட்டுகிறது.
மரங்கொத்தி மரத்தைக் கொத்துகிறது.
பெயர் வைத்தவனுக்கு அன்று வேறு வேலை இருந்திருக்கும்.
தவிட்டுக்குருவியிடம் மட்டும் கொஞ்சம் நின்றிருக்கிறான்,
இல்லை, நின்றிருக்கிறாள்.
புடைத்த முறத்தில் மிஞ்சுகிற அந்த நிறம்
சோற்றை மட்டும் பார்த்தவனுக்கு எப்படித் தெரியும்?

குறிஞ்சிக்கு நான் தேவையே இல்லை.
லாட்ஜ், மினிபஸ், ஜெராக்ஸ் கடை என்று
ஏற்கெனவே மலையெங்கும் அதன் பலகைதான்.

பதினாறாம் எண் பூவை வத்தலக்குண்டு பஸ்ஸில் காட்டினேன்.
'நித்தியகல்யாணி' என்றாள் காமுத்தாய்,
வாழைத்தாரை மடியில் சாய்த்தபடி.
'சுடுகாட்டு மல்லி' என்றார் கண்டக்டர், சீட்டைக் கிழித்துக்கொண்டே.
என்றைக்கும் மணப்பெண்.
என்றைக்கும் பிணத்தருகே.
அதே ஐந்து இதழ்தான்.
கொண்டை ஊசி வளைவு ஏழு வரை சண்டை போட்டார்கள்;
எட்டில் ஒருவருக்கு வாந்தி வந்ததால் நின்றது.
இரண்டு அடிப் பலகையில் இரண்டு பெயருமே அடங்கவில்லை.
எழுத்தைச் சிறிதாக்கி இரண்டையும் எழுதினேன்.

எங்கள் ஊரே அப்படித்தான்.
முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்தானாம்;
குதித்தது தேய்ந்து தாண்டிக்குடி ஆனதாம்.
யாராவது நல்லபடியாகச் சொல்லிவிட்டால்
பெயர் மறுபேச்சுப் பேசுவதில்லை.

சிரிப்பான் என்று எழுதிவிட்டு
நாலடி தள்ளி நின்று படித்தேன்.
சோலைக்குள் ஒளிந்துகொண்டு கெக்கலிக்கிற பறவை.
ஆனால் பலகையில் அது பறவையாக இல்லை.
சிரிப்பான்.
யார்? எப்போது?

இருபத்தொன்பதாம் எண்ணை மட்டும்
தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.
ஆளைக் கண்டால் கத்தும்.
கத்தி, ஆள் இருக்கிற இடத்தைச் சொல்லிவிடும்.
ஆள்காட்டி.
பிரஷை அழுத்திப் பிடிக்கிற விரலுக்கும் அதே பெயர்.

மூன்று வருடம் முன்பு, மாசியில்,
காப்பித் தோட்டத்து முக்கில் ஜீப் நின்றது.
ஈட்டி மரம் அறுத்தவன் எந்தப் பக்கம் போனான் என்றார்கள்.
நான் வாயைத் திறக்கவில்லை.
இன்றுவரை எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன்,
வாயைத் திறக்கவில்லை என்று.
விரலைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

அண்ணன் சடையாண்டி பதினான்கு மாதம் உள்ளே இருந்தான்.
வந்த பிறகு எதிர்ச்சரிவில் மிளகுக்கொடி ஏற்றுகிறான்.
என்னைக் கண்டால் வரப்பு மாறுகிறான்.

அலகருகே தொங்கும் சிவப்புக்காக
அந்தப் பறவைக்கு வேறு பெயர் வைத்திருக்கலாம்.
பாவம், அது முட்டைக்காகக் கத்துகிறது;
திறந்த தரையில், கல்லோடு கல்லாகக் கிடக்கிற நான்கு முட்டைக்காக.
காட்டிக்கொடுக்கும் எண்ணம் அதற்கில்லை.
எனக்கு முட்டை எதுவும் இருக்கவில்லை.

கடைசி நாள் இரவில் எழுதினேன்.
'ட்' மேல் வைத்த புள்ளி வழிந்தது. துடைக்கவில்லை.

குழி தோண்ட வந்த கூலியாட்களில் அவனும் இருந்தான்.
ஒவ்வொரு பலகையாகத் தூக்கி நிறுத்தினான்.
இருபத்தொன்பதைக் கையில் வாங்கி
எழுத்துக்கூட்டிப் படித்தான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை,
கையைப் பார்த்தான். நகக்கண்ணில் கறுப்பு பெயின்ட்.
குழியில் இறக்கி, மண் தள்ளி, காலால் மிதித்தான்.

'சாஞ்சிருக்கா?'

யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை.
பக்கத்தில் வேறு யாரும் இல்லை.
'இல்ல' என்றேன்.
சாய்ந்துதான் இருந்தது.

மிச்சம் ஒரு பலகை
புல்லில் மல்லாந்து கிடந்தது,
பெயின்ட் இன்னும் முழுதாகக் காயாமல்.
அதை எடுக்கக் குனிந்தான்.
சிரிப்பான்.