படிவத்தில் இடமில்லை

"எத்தனை மணி நேரம் கற்றுக்கொடுத்தீர்கள்?"
நடுவர் கேட்டார்.
டில்னாஸ் படிவத்தைப் பார்த்துச் சொன்னாள்:
இருநூற்றுப் பதினான்கு.

கரகந்தாவிலிருந்து பல்காஷுக்குச்
சனிதோறும் ரயிலில் போன நேரம் அதில் சேராது.
குளிரில் பாட்டரி செத்துவிடும் என்று
கோட்டுக்குள் கட்டிப்பிடித்தபடி போவோம்.

அந்தப் பள்ளியில் ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர்,
அதற்கும் கைப்பிடி இல்லை.
ஆறு பேர் முறைவைத்துத் திருகினார்கள்.

எங்கள் ரோபோ இடப்பக்கமே இழுக்கும்.
குறை நிரலில்தான் என்று மூன்று மாதம் தேடினோம்.
எர்கேபுலான், பதிமூன்று வயது,
குனிந்து சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து
"அச்சில் முடி சுற்றியிருக்கு" என்றான்.
டில்னாஸின் முடி.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அஸ்தானாவில், காலிறுதியில்,
அவர்களிடமே தோற்றோம்.
நாங்கள் கொடுத்த மோட்டார்
பிசகாமல் ஓடியது.
வயிறெரிந்தது, பொய் சொல்வானேன்.

மாலையில் சமூகப் பங்களிப்பு விருதுக்கு
எங்கள் பெயரைக் கூப்பிட்டபோது
எங்களுக்கு முன்பே எழுந்து கத்தியது
பல்காஷ் வரிசை.

திரும்புகையில் எல்லோருக்கும் ஒரே ரயில்.
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே வந்தோம்.
கரகந்தாவில் இறங்கும்போது
கோப்பை நிறையத்
தோல்.