அரை அங்குலம்

மூன்று வீடு தள்ளி, பட்டப்பகலில்
சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.
கூடவே குக்கரும். உள்ளே சோறு இருந்ததாம்.

அதற்காகத்தான் வாங்கினேன்.
நைட் டூட்டி முடிந்து பகலில் தூங்குகிறவள் சாலோமி,
படுத்தால் தெருவில் தேர் போனாலும் தெரியாது.

தீப்பெட்டியில் பாதி அளவு வெள்ளைப் பெட்டி ஒன்று,
அதைவிடச் சின்னதாக ஒரு காந்தம்.
பெரியது நிலைக்கு, சின்னது கதவுக்கு.
நடுவே அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது,
போனால்
மூடிய கதவையும் திறந்திருப்பதாக நினைத்துக்கொள்ளும்.
"சந்தேகப் பிராணி" என்றாள்.

சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு கதவு,
மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கி
நேராக நிற்க மறந்த பலகை.
கைப்பையிலிருந்து ஸ்பிரிட் பஞ்சு எடுத்து
ஊசி போடுமுன் துடைப்பதுபோல் நிலையைத் துடைத்தாள்,
வட்டமாக, உள்ளிருந்து வெளியே.
முப்பது எண்ணும்வரை நான் அழுத்திப் பிடிக்க வேண்டும்.
பதினெட்டில் பால்காரர் மணியடித்தார்.
மறுபடி ஒன்றிலிருந்து.

துளைக்குள் குத்த அவளுடைய சேப்டி பின்.
நீல விளக்கு சிமிட்டியது.
வைஃபை பாஸ்வேர்டு கேட்டது.
தப்பு என்றது. தப்பு என்றது.
அவள் பிறந்தநாளை
நான் ஒரு நாள் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.
பக்கத்தில் நின்றவள் எதுவும் சொல்லவில்லை.

ஏப்ரல் முழுக்க அது சொல்லிக்கொண்டிருந்தது.
காலை 5.40 திறந்தது, நான்.
8.15 திறந்தது, அவள்.
மாலை 6.25, அவள்.
7.10, நான்.
ராணிப்பேட்டை ஷெட்டில், நீலம் பாய்ந்த
ஈரத் தோல் அடுக்குகளுக்கு நடுவே
தொடையில் போன் அதிரும்.
திறந்ததற்கும் மூடியதற்கும் உள்ள இடைவெளியை வைத்தே
பையில் காய்கறி இருக்கிறதா,
செருப்பைக் கழற்றச் சுவரைப் பிடித்தாளா
எல்லாம் தெரிய ஆரம்பித்தது.
ஒரு நிமிடத்தைத் தாண்டினால்
வார்டில் யாரோ போய்விட்டார்கள்.
வாசலிலேயே நிற்கிறாள்.

அக்னி நட்சத்திரம், ஆறாம் நாள்.
10.52, கதவு திறந்தது.
11.05, மூடவில்லை.
11.20, மூடவில்லை.
அழைத்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது.
சூப்பர்வைசரிடம் என்ன சொன்னேனோ.
பாலாற்றுப் பாலம், ஆற்காடு, மேல்விஷாரம்,
ரத்தினகிரி அருகே ஒரு லாரிக்காரர்
என் அம்மாவை இழுத்துத் திட்டினார்.
ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு மட்டும்.

கதவு பூட்டியிருந்தது.

என் சாவியால் திறந்தேன்.
தரையில் காந்தம்.
வெயிலில் இளகிய பசை நூல்நூலாக.
ஓர் எறும்பு அதைச் சுற்றிக்கொண்டு போனது.
ஏர்கூலர் இரைச்சலுக்குள்
கையைத் தலைக்கு மடக்கிப் படுத்திருந்தாள்,
தலையணைக்கடியில் போன், சைலண்டில்.

தண்ணீர் குடித்தேன்.
தேருக்கு எழாதவள்
டம்ளர் வைத்த சத்தத்துக்குக் கண் திறந்தாள்.
"இன்னா, அரை நாளு லீவா?"
"ஆமா."
"துன்னியா?"
"இல்ல."

ஒரு புதன்கிழமை மத்தியானம்
இரண்டு பேருமாகத் தரையில் உட்கார்ந்தோம்.
இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு,
நேற்று ராத்திரி நான் தனியாகச் சாப்பிட்டதன் மிச்சம்.
உப்பு தூக்கல் என்றேன்.
"நேத்தே சொல்றது."
"யாருகிட்ட?"

அதற்குள் போன் இரண்டு தரம் அதிர்ந்துவிட்டது.
காந்தம் என் சட்டைப்பையில்.
இரண்டு திருகாணி போதும்,
திருப்புளி ஃப்ரிட்ஜ் மேலேதான் கிடக்கிறது.
"இன்னாத்துக்கு அடிச்சிக்குது அது?"
"கதவு தொறந்திருக்காம்."
எட்டிப் பார்த்தாள்.
மூடித்தான் இருந்தது.
"இருந்துட்டுப் போவட்டும்" என்று
குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளினாள்.