பதினேழாவது கேள்வி

அரையாண்டுத் தாள்களைப் பள்ளி மாற்றித் திருத்தச் சொன்னார்கள்.
மலையோரத்துக் கட்டு ஒன்று மிடாலத்துக்கு வந்தது,
சணல் கயிற்றில்,
ரப்பர்ப்பால் வாடையோடு.

பதினேழு: பாறைகளின் பயன்கள் நான்கினை எழுதுக.
விடைக்குறிப்பு என்னிடம் இருக்கிறது.
வீடு கட்ட. சாலை போட. சிலை வடிக்க.
கடலரிப்பைத் தடுக்க.
ஒன்றுக்கு அரை. ஆக, இரண்டு மதிப்பெண்.

முப்பத்தோரு பேரும் அதையே எழுதியிருந்தார்கள்,
ஒரே நோட்ஸ்,
ஒரே பிழையோடு: 'சிளை வடிக்க.'
சிவப்பு மை வழுக்கிக்கொண்டு போனது.

முப்பத்திரண்டாவது தாள் அஜிஷா என்பவளுடையது.

'பாறை இருந்தால் அடியில் ஊற்று இருக்கும்.
எங்களுக்க கிணறு அதை நம்பித்தான் கிடந்தது.
தினமும் மூணு மணிக்கு வெடி வைப்பினும்.
டீச்சர் ஜன்னலை அடைப்பாங்க. பாடம் நிக்கும்.
கல்லு எங்கே போவுது என்று கேட்டேன்.
கடலுக்கு என்று சொன்னினும்.
கடலுக்கு எதுக்குக் கல்லு?
நான் கடலை ஒரு தடவைதான் பார்த்திருக்கேன்.
அது கல்லு இல்லாமத்தான் கிடந்தது.'

அதற்குக் கீழே காலியாக மூன்று கோடு.

பேனாவை மூடினேன்.
வகுப்பு ஜன்னலுக்கு நேரே தூண்டில் வளைவு.
நேற்றும் இரண்டு டாரஸ் வந்து கொட்டிவிட்டுப் போனது.
பசுமாட்டளவு கருங்கற்கள்.
ஒன்றில் காய்ந்த பாசி.
ஒன்றின் வெடிப்பில்
இன்னும் சாகாத ஒரு புல்.

இந்தப் பக்கம் வளைவு வந்த வருஷம்
அந்தப் பக்கம் கடல் கேறியது.
ஆன்றோ ஷைஜின் வீட்டு அடுக்களை
ஆடி மாதம் ஒரு ராத்திரியில் போனது, அம்மியோடு.
அவனிடம் கேட்டால் சொல்வான்:
'கல்லு பத்தாது டீச்சர், இன்னும் போடணும்.'
அவன் சொல்வதும் நியாயம்தான்.
அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சுற்றுச்சூழல் தினத்துக்கு
கல் ஒப்பந்தக்காரர் நாற்பது வேப்பங்கன்று தந்தார்.
வரிசையாக நின்று கைதட்டினோம், உறுதிமொழி எடுத்தோம்.
'பூமி நம் தாய்' என்று எழுதிய பேனரில்
அவர் படம் பூமியைவிடப் பெரிது.
கன்றுகள் உப்புக்காற்றில் கருகின.
பேனர் இப்போது யாருடைய வள்ளத்தையோ மூடிக் கிடக்கிறது,
அதுவாவது உதவட்டும்.

மறுநாள் பேர் சொல்லாமல்
அந்த விடையை வகுப்பில் வாசித்தேன்.
யாரும் பேசவில்லை.
பின் பெஞ்சிலிருந்து ஷைஜின்தான் கேட்டான்:
'அவளுக்கு எத்தனை மார்க்கு போட்டீங்க?'

நான் இன்னும் போடவில்லை.

சாப்பாட்டு மணியில் ஆறேழு பேர் சாக்பீஸோடு வளைவில் ஏறினார்கள்.
திட்டுவதற்காகத்தான் பின்னால் போனேன்.
ஒவ்வொரு கல்லாகத் தடவிக்கொண்டிருந்தார்கள்.
வெடிமருந்துக்குத் துளைத்த தடம்,
பாதிக் குழாய்போல,
கல்லின் விலாவில் வழவழவென்று.
ஷைஜின் அதில் விரலை வைத்து
கடைசிவரை இழுத்தான்.

அன்று எழுதிய கடிதத்தைத் தாளோடு கட்டி அனுப்பினேன்.
அதில் நான் திருத்தியது ஒன்றுமில்லை:
'அஜிஷாவுக்கு. உனக்க மலை இங்கேதான் இருக்கு.
இருநூற்றிப் பதினாலு வரை எண்ணினோம்,
அலை வந்திட்டு.
எங்களுக்கும் இது வேணும். என்ன செய்ய?
நீயும் யோசி.'

அடுத்த பருவத்துக்குக் கேள்வித்தாள் எடுக்கும் முறை என்னுடையது.
பதினேழாவதாக எழுதினேன்:
ஒரு கல் உங்கள் ஊருக்கு வந்திருக்கிறது,
அல்லது உங்கள் ஊரை விட்டுப் போயிருக்கிறது.
அதன் விலையை யார் யார் கொடுத்தார்கள்?

தாள் திரும்பி வந்தது.
ஓரத்தில் பச்சை மையில்,
'விடைக்குறிப்பு இணைக்கப்படவில்லை.'

அதை மேசைமேல் வைத்துவிட்டு நிற்கிறேன்.
மணி மூன்று.
இங்கே வெடி கேட்காது.
ஷைஜின் எழுந்துபோய்
ஜன்னலை அடைக்கிறான்.