அறுபது மைக்ரான்

இரண்டரை லட்சம் முறை தாங்க வேண்டிய துண்டு
நாற்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டில் விட்டுவிட்டது.
சத்தம் பெரிதில்லை. கடலை உடைக்கிற சத்தம்.
எந்திரம் தானாக நின்று
சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது.
மணி மூன்றேகால். மேலூர் ரோட்டில்
கல் ஏற்றிய லாரி ஒன்று கியர் மாற்றிப் போனது.

நிக்கல் கலவை. மாவாகத்தான் வந்தது,
ஆர்கான் அடைத்த டப்பாவில், விபூதியைவிட நைசாக.
சலித்தோம். குப்பியில் நிரப்பி மூடி ஓசூருக்கு அனுப்பினோம்.
அங்கே உலையில், சூடும் அழுத்தமும்
எல்லாப் பக்கமும் ஒரே சமயம் நெருக்க
துளைகள் மூடி ஒரே உடம்பாகித் திரும்பி வந்தது.
பிறகு இந்த எந்திரம்:
இழு, விடு. இழு, விடு.
ஒரு தடவையில் ஒன்றுமே செய்யாத பளு.

காலையில் உடைந்த முகத்தை
நுண்ணோக்கிக்குள் வைத்தாள் மெகருன்னிசா.
கண்மாயில் தண்ணீர் இறங்க இறங்கக்
கரையில் விழும் கோடுகள் போல
விரிசல் நடந்து வந்த தடம்.
கோடுகளைப் பிடித்துப் பின்னால் போனால்
எல்லாம் ஒரு புள்ளியில் போய் நின்றன.
அறுபது மைக்ரான். ஒரு தலைமுடிப் பருமன்.
"சிலிக்கான் காட்டுது, பொட்டாசியம் காட்டுது.
இது ரெண்டும் நம்ம கலவையிலயே கிடையாதே?"
கேட்டுவிட்டு அவளே வெளியே பார்த்தாள்.
பாதி அறுத்த மலை நின்றது, வெயிலில்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஆடி பதினாலு, ஏசி நின்றுபோன மத்தியானம்,
சலிக்கும் அறையின் ஜன்னலை
ஒரு சாண் திறந்தவன் நான். பத்து நிமிஷம்.
வேர்வை மாவில் விழக் கூடாதே என்றுதான்.

அறிக்கையில் எழுதினார்கள்: மூலம், சுற்றுப்புறம்.
ஜன்னலைச் செங்கல் வைத்துப் பூசினார்கள்.
சல்லடை மாறியது. மேல்தோலை
எஃகு ரவை வீசி அடித்து அடித்து இறுக்கினார்கள்,
விரிசல் வாய் திறக்க வந்தாலும் தோல் விடாதபடிக்கு.

இப்போது இருபத்துமூன்றாம் துண்டு.
எட்டாவது நாள். மூன்று லட்சம் தாண்டி ஓடுகிறது.
மெகருன்னிசா அதிரசம் கொண்டுவந்தாள்,
செக்யூரிட்டி ஒச்சப்பனுக்கும் சேர்த்து.
இதை யாரும் உடைத்துப் பார்க்கப் போவதில்லை.
எண்ணெய் தடவி, எண் ஒட்டி, அலமாரியில் வைப்பார்கள்.
உள்ளே ஒரு துகள் மலை இருந்தாலும்
இருந்துவிட்டுப் போகும்.

சுவரில் பூசின இடம் மட்டும் வேறு நிறம்.
அதற்கு முதுகு காட்டி உட்கார
எனக்கு இன்னும் வரவில்லை.